ஆச்சி பெட்டியில் இருக்கும் கற்கள்: நகையை அழிப்பதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது?

அம்பை பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம், இப்போது இருப்பது பாளையங்கோட்டையில். எங்கள் ஆச்சி போன தை மாதம் தவறிவிட்டாள். அவளுடைய பெட்டியை இப்போதுதான் பங்கு போடத் திறந்திருக்கிறோம். அண்ணன் சார்ஜாவிலிருந்து வந்திருக்கிறான். லீவு முடிவதற்குள் எல்லாவற்றையும் அழித்து, தங்கத்தை மூன்று பங்காகப் பிரித்துவிடலாம் என்கிறான். தங்கச்சிக்கு மனசில்லை. எனக்கும் இல்லை. ஆனால் மனசில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அவனிடம் பேச முடியாதே.

பெட்டியில் இருப்பவை இவை. ஒரு சிவப்புக்கல் அட்டிகை. நடுவில் பெரிய கல், இரண்டு பக்கமும் சின்னக் கற்கள், பின்பக்கம் முழுக்கத் தங்கத் தகடு மூடியிருக்கிறது. ஒரு கல் கழன்று, மடித்த காகிதத்தில் தனியாக இருக்கிறது. இன்னொரு கல் கறுத்துப்போயிருக்கிறது. ஏழு கல் வைத்த வெள்ளைக்கல் தோடு ஒரு ஜோடி. இதன் பின்பக்கம் திறந்துதான் இருக்கிறது. வளர்த்த காதில் தொங்கவிடும் பாம்படம் ஒரு ஜோடி. பொடி முத்துச் சரம், மஞ்சளாகிவிட்டது. தலையில் செருகும் வளைந்த சீப்பு, பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். இவை எல்லாம் இருந்ததே ஒரு தனிப் பெட்டி: கறுப்பு மரச் சட்டம், மேலே முள்ளம்பன்றி முள்ளை வரிசையாகப் பதித்து, ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்.

தாத்தா கொழும்பில் புறக்கோட்டைக் கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். தனுஷ்கோடி வழியாகப் போட்மெயிலில் போய்வந்த காலம். தோடும் சீப்பும் பெட்டியும் அவர் கொண்டுவந்தவை என்று ஆச்சி சொல்லுவாள். அட்டிகை மட்டும் ஆச்சிக்கு அவள் அம்மா போட்டது.

ஒரு கடையில் காட்டினோம். தராசில் வைத்தார்கள். "சிவப்பெல்லாம் கண்ணாடிம்மா, வெள்ளையும் வைரம் இல்ல, கல்லு அரக்கு கழிச்சுத் தங்கத்துக்குப் போட்டுக்கிடுதோம்" என்றார்கள். லென்ஸைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. அவர்கள் சொன்னது உண்மையா? வீட்டில் வைத்தே நாங்கள் எதையாவது பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

வண்ணாரப்பேட்டை வாசி

கல்லுக்கு எந்தக் கடையிலும் காசு தர மாட்டார்கள், அதுதான் நடைமுறை. அண்ணன் சொல்வதும் தப்பில்லை. பாம்படத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அது கட்டித் தங்கம் இல்லை. மெல்லிய தங்கத் தகட்டைக் கூடாக அடித்து உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். அதனால்தான் அவ்வளவு பெரிசாக இருந்தும் காது தாங்கியது. தராசில் காட்டும் எடையைத் தங்கம் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள், பங்கு பிரிக்கும்போது வீண் மனஸ்தாபம் வரும். அரக்கை உருக்கி எடுத்த பிறகு நிற்கிற எடைதான் எடை.

டவுன் கல்பட்டறை

அம்பைத் தாயி, உங்கள் பதிவைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன். நான் டவுனில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கல் பதிக்கிற வேலை பார்த்தவன். அப்பாவும் அதே வேலை. இப்போது கண் மங்கிவிட்டதால் பட்டறையைத் தம்பி மகன் பார்க்கிறான்.

கடைக்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தங்கம் வாங்குகிறவருக்குக் கல் என்பது கழிவு. அவர் தொழில் கணக்கு அது. ஆனால் கல் என்ன என்று சொல்வது வேறு வேலை, அதைத் தராசு சொல்லாது. வண்ணாரப்பேட்டைத் தம்பி பாம்படத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அட்டிகைக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதை அழிக்கவே கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் அட்டிகை மூடு கட்டடம், அதாவது பின்பக்கத்தை மூடிக் கல் பதித்த வேலை. அந்தக் காலத்துக் கெம்பு (சிவப்புக்கல்) நகை பெரும்பாலும் இப்படித்தான். தங்கத் தகட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கிண்ணம். அதற்குள் அரக்கு. அரக்கின் மேல் காற்றில் பறக்கிற அளவுக்கு மெல்லிய பளபளப்புத் தகடு. அதன் மேல் கல். கடைசியாகக் கல்லின் விளிம்பைச் சுற்றிச் சுத்தத் தங்கத்தை ஒட்டி, உளி முனையால் அழுத்திப் படிய வைப்பார்கள். சுத்தத் தங்கம் மெதுவானது, சூடு காட்டாமலே தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். கல் வழியே போன வெளிச்சம் பின்தகட்டில் பட்டுத் திரும்பி வருவதால்தான் குத்துவிளக்கு வெளிச்சத்தில்கூட அது எரிகிற மாதிரித் தெரியும். கல்லை நெம்பி வெளியே எடுத்தால் அந்தத் தகடு கிழியும், அரக்கு பொடியும், விளிம்புத் தங்கம் பிளக்கும். மறுபடி அதே மாதிரி பதிக்கிற கை இப்போது அபூர்வம். கல்லாகப் பிரித்தால் கூறுகட்டின கல், தங்கமாக உருக்கினால் வெறும் தங்கம். இரண்டும் சேர்ந்து அட்டிகையாக நிற்கிற வரைதான் அதற்கு அந்தப் பெறுமானம். அதனால் எதைப் பார்ப்பதாக இருந்தாலும் பிரிக்காமல் பாருங்கள்.

ஒரு கல் கறுத்திருக்கிறது என்றீர்களே, கல் கறுக்கவில்லை. உள்ளே தண்ணீர் போய்ப் பின்தகடு கறுத்திருக்கிறது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்ப்பது கட்டித் தங்கச் சங்கிலிக்குச் சரி, மூடு கட்டட நகைக்கு ஆகவே ஆகாது. துடைப்பது என்றால் உலர்ந்த மல் துணி போதும்.

இனி வீட்டில் பார்க்கக்கூடியதைச் சொல்கிறேன். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மடக்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். நகைப் பட்டறைச் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும், பெரிய விலை இல்லை. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு நகையைத்தான் கண்ணுக்கு அருகே கொண்டுவர வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும்.

சிவப்புக் கல்லில் முதலில் முனைகளைப் பாருங்கள். கண்ணாடி மெதுவானது. கடினத்தை 10 வரை அளக்கிற கணக்கில் அதற்கு ஐந்தரை, ஆறுதான் வரும். வீட்டுத் தூசியில் இருக்கும் மணல் துகள் 7. அதனால் பல வருஷம் அணிந்த கண்ணாடியில் பட்டையின் விளிம்பெல்லாம் மழுங்கி, மேலே கீறல் விழுந்திருக்கும். மாணிக்கம் 9. எத்தனை தலைமுறை போட்டாலும் விளிம்பு அப்படியே நிற்கும்.

அப்புறம் கல்லுக்கு உள்ளே பாருங்கள். உருண்டையான குமிழியும், சர்க்கரைப் பாகு கலக்கும்போது தெரிகிற மாதிரி சுழிவும் இருந்தால் கண்ணாடி. இயற்கை மாணிக்கத்தில் ஊசி ஊசியாக மெல்லிய இழைகள் மூன்று திசையில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும், பட்டு நூல் போலத் தெரியும். சின்னப் படிகத் துண்டுகள், ஆறின வெடிப்புகள் இருக்கும். குறை இல்லாத மாணிக்கம் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதுதான் ஆட்களை ஏமாற்றும். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் என்பவர் அலுமினாப் பொடியை நெருப்புச் சுவாலையில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902ல் வெளியிட்டார். அது கண்ணாடி இல்லை. உள்ளே இருக்கிற சரக்கு இயற்கை மாணிக்கத்தின் அதே சரக்கு, கடினமும் அதே 9, எடையும் அதே எடை. பத்து வருஷத்துக்குள் உலகம் முழுக்கப் பரவி, நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்தது. இதில் கோடுகள் வளைந்து ஓடும், இசைத்தட்டின் வரிகள் போல. இயற்கைக் கல்லின் கோடு நேராகவோ முனை மடிந்தோதான் இருக்கும், ஒருநாளும் வளையாது. மூடு கட்டடத்தில் இந்த வளைகோடு தெரிவது கஷ்டம், பின்னாலிருந்து வெளிச்சம் வராது. ஆனால் உங்களிடம் ஒரு கல் கழன்று கிடக்கிறதே, அது பெரிய வசதி. அதை மெல்லிய இடுக்கியில் பிடித்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

கூடவே ஒரு ஊதா டார்ச். கள்ள நோட்டுப் பார்க்கிற யூ.வி. டார்ச்தான், 365 நானோமீட்டர் என்று போட்டிருந்தால் நல்லது. இருட்டறையில் அடியுங்கள், டார்ச் முகத்தைக் கண்ணுக்கு நேரே காட்டாதீர்கள். மாணிக்கத்துக்குச் சிவப்பைக் கொடுக்கிற குரோமியம்தான் இந்த வெளிச்சத்தில் தணல் மாதிரி ஒளிரவும் வைக்கிறது. பர்மாக் கல்லும் இலங்கைக் கல்லும் நன்றாக ஒளிரும். செயற்கை மாணிக்கம் அதைவிடக் கூடுதலாக ஒளிரும். கார்னெட் என்று இன்னொரு சிவப்புக் கல் உண்டு, அதில் இரும்பு இருப்பதால் ஒளிராது. சிவப்புக் கண்ணாடியும் சாதாரணமாக இந்தச் சிவப்பு ஒளியைக் காட்டாது. (உவரிப் பக்கம் கடற்கரை மணல் சிவந்து கிடக்குமே, அது இந்தக் கார்னெட்தான். ஆனால் எல்லாம் பொடி. தேய்க்கும் தாளுக்கு ஆகும், நகைக்கு ஆகாது.)

வெள்ளைக்கல் தோட்டைப் பற்றி இப்போதைக்கு ஒன்று மட்டும் கேட்கிறேன். லென்ஸில் கல்லின் முகப்பு வழியாகக் கீழ்ப்பக்கத்துப் பட்டைகளின் கோடுகளைப் பாருங்கள். நேராகப் பார்க்க வேண்டாம், தோட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் ஒன்றாகத் தெரிகிறதா, இரண்டிரண்டாகத் தெரிகிறதா? முகப்பு விளிம்புகள் கூர்மையாக இருக்கிறதா, பொரிந்திருக்கிறதா? பார்த்து எழுதுங்கள்.

முத்துநகர்

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன் அக்கா. முத்துச் சரத்தை மட்டும் நான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை முத்து பார்த்திருக்கிறோம்.

மன்னார் வளைகுடாவில் நம் பக்கம் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அதற்கப்புறம் சிப்பி அந்த அளவுக்குப் படவே இல்லை. இங்கே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973ல் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள், ஆனால் அது வேறு கதை. உங்கள் ஆச்சி காலத்துப் பொடி முத்து என்றால் பெரும்பாலும் கடலில் தானாக விளைந்ததாகத்தான் இருக்கும். அவ்வளவு சின்னதை யாரும் சிப்பிக்குள் மணி வைத்து வளர்ப்பதில்லை. பெரிய முத்தாக இருந்தால்தான் வளர்ப்பா இயற்கையா என்ற கேள்வியே, அதற்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். முத்தை வெவ்வேறு அளவுத் துளை உள்ள பித்தளைச் சல்லடைகளில் சலித்து, ஆணி முதல் தூள் வரை தரம் பிரிப்பது அந்தக் காலத்து வழக்கம். உங்களுடையது கடைசித் தரங்களாக இருக்கலாம். சரமாகச் சேர்ந்திருப்பதில்தான் அதன் அழகு.

உண்மையா என்று பார்க்க, முன்பல்லின் நுனியில் மெல்லத் தேயுங்கள். நெறுநெறுவென்று மணல் பட்டதுபோல இருந்தால் முத்து. வழவழவென்று வழுக்கினால் கண்ணாடி மணி அல்லது பிளாஸ்டிக். லென்ஸ் வாங்கினால் துளையின் வாயைப் பாருங்கள். போலி முத்தில் பூச்சு அங்கேதான் உரிந்து நிற்கும்.

மஞ்சளானதற்குக் காரணம் வியர்வையும் எண்ணெயும். முத்து சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் கரையும். எலுமிச்சம்பழம், வினிகர், சோப்புத்தூள் எதுவும் போட்டு வெளுக்க வைக்காதீர்கள், மேல்தோலே போய்விடும். மெத்துத் துணியைத் தண்ணீரில் நனைத்து இறுக்கப் பிழிந்து ஒற்றி எடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டாம். பழைய நூல் இற்றுப்போயிருக்கும், புதுப் பட்டு நூலில் கோத்து வாங்கிவிடுங்கள், ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சு போடச் சொல்லி. அறுந்தால் ஒன்றுதான் விழும்.

தென்காசி பழம்பொருள்

சீப்பையும் பெட்டியையும் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அந்த இரண்டுதான் முக்கியமாகப் படுகிறது, சட்டச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பெட்டி இலங்கை வேலை. கருங்காலிச் சட்டத்தில் முள்ளம்பன்றி முள் பதித்த இந்த மாதிரிப் பெட்டிகள் அங்கே காலி என்ற ஊர்ப் பக்கம் செய்து, கப்பலில் வருகிறவர்களுக்கு விற்றவை. வெள்ளைப் புள்ளிகள் எலும்பாகவும் இருக்கலாம், தந்தமாகவும் இருக்கலாம். லென்ஸில் பாருங்கள். எலும்பில் சின்னக் கறுப்புப் பொட்டுகளும் கீற்றுகளும் தெரியும், ரத்த ஓட்டம் இருந்த குழாய்களின் தடம் அது. தந்தத்தில் அது இருக்காது. தந்தத்தின் குறுக்குவெட்டில் வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்சதுரமாகத் தெரியும், ஆனால் இவ்வளவு சின்னப் புள்ளியில் அதைக் காண்பது சிரமம்.

சீப்பு இரண்டில் ஒன்று: அழுங்காமை என்ற கடல் ஆமையின் ஓடு, இல்லையென்றால் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். அந்தக் காலத்தில் சிங்கள ஆண்களே வளைந்த ஆமையோட்டுச் சீப்பைத் தலையில் வைத்துக்கொண்டார்கள், அதனால் இலங்கையில் அந்த வேலை நன்றாக நடந்தது. லென்ஸில் பழுப்பு நிறம் பொட்டுப் பொட்டாகச் சேர்ந்து திட்டானது போலத் தெரிந்தால் ஓடு. சாயம் ஊற்றியது போல வழுவழுப்பான ஓரத்தோடு தெரிந்தால் செல்லுலாய்டு. விரலால் வேகமாகத் தேய்த்துச் சூடானதும் மோந்து பாருங்கள். கற்பூர வாடை வந்தால் செல்லுலாய்டு, அதைச் செய்யும்போதே கற்பூரம் சேர்ப்பார்கள். யாராவது ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார் என்று சொன்னால் கேட்காதீர்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும், ஓடாக இருந்தால் வடு விழும்.

சட்டம்: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்தம், அழுங்காமை ஓடு இரண்டையும் விற்கவோ வாங்கவோ கூடாது. தந்த வியாபாரத்துக்கு 1986லும், வெளிநாட்டுத் தந்தத்துக்கும் சேர்த்து 1991லும் கதவை முழுசாக அடைத்துவிட்டார்கள். பழசு, தாத்தா காலத்தது என்பது விலக்கு ஆகாது. வீட்டில் வைத்திருக்கவே தலைமை வன உயிரினக் காப்பாளர் கொடுக்கிற உரிமைச் சான்று வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் போய் நேர்மையாகக் கேளுங்கள். முக்கியமாக, அண்ணன் ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று சீப்பையோ பெட்டியையோ சூட்கேஸில் போட்டுச் சார்ஜாவுக்கு எடுத்துப் போய்விட வேண்டாம். விமான நிலையத்தில் பிடித்தால் பெரிய வம்பு. நகைக்கும் ஒரு வார்த்தை: 100 வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தொல்பொருள் சட்டத்தில் தடை உண்டு. அட்டிகை ஆச்சியின் அம்மா காலத்தது என்கிறீர்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அம்பை பேத்தி

எல்லாருக்கும் நன்றி. லென்ஸும் ஊதா டார்ச்சும் வாங்கி, ராத்திரி கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அண்ணன்தான் கடைசிவரை லென்ஸைக் கொடுக்கவே இல்லை.

அட்டிகையின் நடுக்கல்: விளிம்பு கூர்மை. உள்ளே ஐயா சொன்ன பட்டு இழை ஒரு மூலையில் தெரிகிறது, மூன்று திசையில். ஒரு வெடிப்பும் இருக்கிறது. டார்ச் அடித்தால் சிவப்பாக ஒளிர்கிறது. பக்கத்துக் கற்களில் பெரும்பாலானவை இருட்டாகவே நின்றன. அவற்றில் சிலவற்றின் விளிம்பு மழுங்கி, உள்ளே குமிழி தெளிவாகத் தெரிகிறது. கடைசிப் பக்கம், கழுத்துக்குப் பின்னால் போகிற இடத்தில், நான்கு கற்கள் மட்டும் கறுஞ்சிவப்பாக, விளிம்பு நன்றாக, குமிழி இல்லாமல் இருக்கின்றன. அவையும் ஒளிரவில்லை.

ஆச்சரியம் கழன்ற கல்தான். டார்ச் பட்டதும் நடுக்கல்லைவிடத் தூக்கலாக எரிந்தது. லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் கோடுகள் வளைந்து போகின்றன! அதற்கு நேர் எதிர்ப்பக்கம், அதே அளவில் ஒரு கல், அதுவும் அதே மாதிரி எரிகிறது. அந்த இரண்டு கிண்ணத்தின் விளிம்புத் தங்கம் மட்டும் மற்றதைவிடத் தடிப்பாக, கொஞ்சம் சிவந்த நிறத்தில் இருக்கிறது.

தோட்டில் சாய்த்துப் பார்த்தால் கீழ்க்கோடுகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. முகப்பு விளிம்பு பொரிந்திருக்கிறது. அடகுக்கடையில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் வைரம் பார்க்கிற பேனாவைக் கொண்டுவந்து வைத்தான். வைரம் என்றால் சத்தம் போடுமாம், சத்தமே இல்லை. அப்படியென்றால் கடைக்காரர் சொன்னதுதானே சரி?

சீப்பில் கற்பூர வாடை இல்லை. பழுப்பு, பொட்டுப் பொட்டாகத்தான் இருக்கிறது. அதை அப்படியே வைத்துவிட்டோம். வன அலுவலகத்தில் கேட்கத் தங்கச்சி போகிறாள்.

டவுன் கல்பட்டறை

தாயி, நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். கேட்டதற்கு வரிசையாகச் சொல்கிறேன்.

தோடு வைரம் இல்லை என்று கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் கண்ணாடியும் இல்லை. கோடு இரட்டையாகத் தெரிவது, விளிம்பு பொரிவது, கொழும்பில் வாங்கியது, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது சிர்க்கான். இலங்கையின் தென்கோடியில் மாத்தறைப் பக்கம் கிடைக்கிற நிறமற்ற சிர்க்கானை 'மாத்தறை வைரம்' என்றே ஒரு காலத்தில் விற்றார்கள். மண்ணில் விளைந்த உண்மையான கல். இப்போது கடைகளில் கிடைக்கிற கியூபிக் சிர்க்கோனியாவோடு இதைக் குழப்ப வேண்டாம். அது ஆலையில் செய்வது, சந்தைக்கு வந்ததே 1976 வாக்கில்தான். அதில் கோடு இரட்டையாகத் தெரியாது. சிர்க்கானுக்கு ஒளியை வாரி இறைக்கிற குணம் உண்டு, அதனால்தான் வைரத்துக்குப் பதிலாக வைத்தார்கள். விளிம்பு மட்டும் எளிதில் பொரியும். ஒன்றோடு ஒன்று உரசாமல் இரண்டு தோட்டையும் தனித்தனித் துணியில் மடித்து வையுங்கள். உங்கள் தாத்தா கணக்குப்பிள்ளை சம்பளத்தில் ஏழு கல் வைரத்தோடு வாங்கியிருக்க முடியாது. அவருடைய சக்திக்குள் ஆக நல்லதைத் தேடி வாங்கியிருக்கிறார்.

இனி அட்டிகை. நடுக்கல் இயற்கை மாணிக்கம் என்றே எனக்குப் படுகிறது. குமிழி உள்ள பக்கக் கற்கள் கண்ணாடிதான். நடுவில் ஒரு நல்ல கல்லும் பக்கத்தில் கண்ணாடிக் கெம்பும் வைப்பது அன்றைக்குச் சாதாரணம், வசதிக்குத் தக்கபடி. பின்கழுத்துப் பக்கத்து நான்கும் கார்னெட்டாக இருக்கும்.

வளைகோடு ஓடுகிற அந்த இரண்டு கல்தான் இந்த நகையின் வரலாற்றைச் சொல்கிறது. அவை அநேகமாக 1902க்குப் பிறகுதான் வந்திருக்கும். அந்த இரண்டு கிண்ணத்தில் மட்டும் தங்கத்தின் நிறம் மாறி, விளிம்பு தடித்திருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் நகை முதலில் செய்தபோது வேறு கல் இருந்து, அவை விழுந்து, பிற்பாடு இன்னொரு ஆசாரி புதுச் சரக்கை வாங்கி இரண்டையும் ஜோடியாகப் பதித்திருக்கிறார். ஆச்சியின் கல்யாணத்துக்கு அட்டிகையைப் பழுது பார்த்துக் கொடுத்தபோது இது நடந்திருக்கலாம், வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள். இதை மோசடி என்று நினைக்காதீர்கள். அப்போது அது புது அதிசயம், பல பட்டறைகளில் அதுதான் கையில் இருந்தது. ஒன்று விழுந்ததற்கு இரண்டையும் மாற்றி நிறம் பொருத்தியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த மனுஷன் வேலையில் அக்கறை உள்ளவர்.

கழன்ற கல்லை அந்தக் கிண்ணத்திலேயே திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள். செயற்கைதானே, இதற்குப் பதில் புது மாணிக்கம் வைக்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள், சம்மதிக்காதீர்கள். கறுத்த கல்லைத் தொடவே வேண்டாம். கண்ணாடிக் கற்களை மாற்றச் சொல்லி வந்தாலும் அதே பதில்தான்.

நடுக்கல்லைப் பற்றிக் கையில் எழுத்து வேண்டும் என்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம், சென்னையிலும் இருக்கிறது. பிரிக்காமலே நகையாகப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மூடு கட்டடத்தில் எடையைத் தனியே போட முடியாது, அதை அவர்களும் எழுதித் தருவார்கள். கொடுக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம் படம் எடுத்து, மொத்த எடையை எழுதி, ஒவ்வொரு கல்லின் அடையாளத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கு விஷயத்தில் நான் தலையிடுவது முறையில்லை. பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறேன். பாம்படத்தை அழித்தால் எவ்வளவு தங்கம் நிற்கும் என்று ஒரு ஆசாரியிடம் மதிப்புக் கேட்டு, அட்டிகைக்கும் தோட்டுக்கும் தங்க மதிப்பை மட்டும் போட்டு, யார் எதை எடுத்துக்கொள்வது, யார் யாருக்கு ரொக்கம் கொடுப்பது என்று பேசித் தீர்த்த குடும்பங்கள் நிறைய. பாம்படத்தை எனக்கு அழிக்க மனசு வராது. காது வளர்த்த தலைமுறையே போய்விட்டது, ஆனால் அது உங்கள் முடிவாக இருக்கட்டும்.

அம்பை பேத்தி

ஐயா, அண்ணனிடம் உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். அட்டிகையை அழிக்க வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். அது தங்கச்சிக்கு. தோடு எனக்கு. பாம்படம் அண்ணனுக்கு, அதை அவன் அழிக்கப் போவதில்லை, இங்கேயே லாக்கரில் இருக்கும். மதிப்பு வித்தியாசத்தை ரொக்கமாகச் சரிக்கட்டிக்கொள்கிறோம். ஒரு கேள்வி மட்டும் பாக்கி: கழன்ற கல்லைப் பதிக்க யாரிடம் போவது? கடைகளில் கேட்டால் பசை வைத்து ஒட்டித் தருகிறோம் என்கிறார்கள்.

டவுன் கல்பட்டறை

பசை வேண்டாம் தாயி. ஒட்டினால் அடுத்த முறை எடுக்கும்போது கிண்ணத்தின் தகடும் சேர்ந்து வரும். அரக்கு வைத்து, சுத்தத் தங்க விளிம்பு அழுத்துகிற ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி விசாரித்தால் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். "மூடு கட்டடத்தில் ஒரு கல் பதிக்கணும், பின்தகடு வைத்து" என்று கேளுங்கள். தெரிந்தவர் உடனே தகட்டின் நிறம் என்ன என்று திருப்பிக் கேட்பார். கேட்காதவரிடம் கொடுக்காதீர்கள். வேலை முடிகிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், ஒரு கல்லுக்கு அரை நாள் ஆகாது.